ரை ரொட்டியும் ராகிக் களியும்

முழுத்தானியத்தைத் தேடி அலையும் பெங்களூருவில், எந்தத் தானியம் உயர்ந்தது என்பதைவிட, அது எந்த வடிவில், எந்த அளவில், எதனோடு சேர்ந்து தட்டுக்கு வருகிறது என்பதே உடல்நலத்தைத் தீர்மானிக்கிறது.

பெங்களூருவில் மிலிட்டரி ஓட்டல் என்றழைக்கப்படும் பழைய அசைவ உணவகங்களின் சமையற்கட்டுகளில், மதியச் சாப்பாட்டுக்கு முன்பாக அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்து வந்ததும், ராகி மாவு அதன் நடுவில் ஒரு சிறு குன்றாகக் கொட்டப்படுகிறது. உடனே கிளறாமல் சில நிமிடம் விட்டு, கொதிநீர் மாவைத் துளைத்துக்கொண்டு மேலெழும் பதம் வந்தபின், நீண்ட மரத் துடுப்பால் கட்டி தட்டாமல் ஓங்கிக் கிண்டி, வெந்த மாவைப் பலகையில் இட்டு, கையை நீரில் நனைத்து நனைத்து உருட்டினால், அடர்பழுப்பு நிறத்தில் மினுமினுக்கும் உருண்டை உருவாகிறது. கன்னடத்தில் முத்தே என்றும் தமிழில் களி என்றும் பெயர்பெற்ற இந்த உருண்டையைக் கிள்ளி, சாற்றில் புரட்டி, மெல்லாமல் விழுங்குவதே வழக்கம். மென்றால் பல்லில் அப்பிக்கொள்ளும்.

அதே நகரின் இந்திராநகரிலும் கோரமங்கலாவிலும் அண்மைக் காலத்தில் பெருகிய ரொட்டிக் கடைகளின் கண்ணாடி அலமாரிகளில் வேறொரு பழுப்பு உணவு அடுக்கப்பட்டிருக்கிறது. கத்தி வைத்தால் எளிதில் இறங்காத அடர்த்தியும், புளித்த மாவின் வாசமும், அறுத்த முகத்தில் ஆங்காங்கே தெரியும் தானியத் துணுக்குகளும் கொண்ட அந்த ரை ரொட்டி, வடக்கு ஐரோப்பாவின் அன்றாட உணவு. பெங்களூருவில் அதன் விலைக்குப் பல கிலோ ராகி வாங்கலாம். சர்க்கரை நோய்க்கும் உடற்பருமனுக்கும் அஞ்சும் நகரவாசி இந்த இரண்டில் எதை நாடினாலும், அவருக்குச் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: இது முழுத்தானியம். அந்தச் சொல் உடலுக்கு எதை உறுதியளிக்கிறது, எங்கே அந்த உறுதி தளர்ந்துபோகிறது என்பதை அறிய, இரண்டு தானியங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

பெயரிலேயே தொடங்கும் குழப்பம்

ரை என்பது கோதுமைக்கும் வாற்கோதுமைக்கும் நெருங்கிய உறவான குளிர்நாட்டுத் தானியம். இதற்குத் தமிழில் நிலைபெற்ற பெயர் இல்லாததால், மொழிபெயர்ப்புகளில் ரை ரொட்டி பலமுறை கம்பு ரொட்டியாகிவிடுகிறது. கம்போ முற்றிலும் வேறான வெப்பநாட்டுச் சிறுதானியம். கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் பசைப்புரதம் கம்பில் இல்லை, ரையில் அதற்கு இணையான புரதம் உண்டு. குளூட்டன் ஒவ்வாத ஒருவர் பெயரை நம்பி ரை ரொட்டியை உண்டால் நோய் தீவிரமாகும் என்பதால், இதை வெறும் சொற்குழப்பம் என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தி பேசுவோரிடமும் இதே சிக்கல் உண்டு. அவர்களுக்கு ராய் என்றால் கடுகு.

தமிழ் நிலத்துக்கும் ரைக்கும் முன்பே ஒரு தொடர்பு இருந்தது, ஆனால் அது ரொட்டிக்காக ஏற்பட்டதன்று. ரைக் கதிரைத் தாக்கும் எர்காட் என்ற பூஞ்சையிலிருந்து, பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கை நிறுத்தும் மருந்து எடுக்கப்படுகிறது. அந்தப் பூஞ்சையை வளர்ப்பதற்காகவே சென்ற நூற்றாண்டில் நீலகிரியில் ரை பயிரிடப்பட்டது. இடைக்கால ஐரோப்பாவில் அதே பூஞ்சை கலந்த ரை ரொட்டியை உண்டவர்களுக்குக் கை கால்கள் எரிந்து கருகும் கொடுநோய் வந்தது. இன்று தானியத்தைச் சலித்துத் தரம் பிரிக்கும் முறைகளால் அந்த அபாயம் பெரிதும் நீங்கிவிட்டது.

ரை ரொட்டியை அன்றாட உணவாக வைத்திருக்கும் நாடுகளில் பின்லாந்து முதன்மையானது. விடுதலையின் நூற்றாண்டை அந்நாடு கொண்டாடிய 2017ஆம் ஆண்டையொட்டி, தேசிய உணவு எது என்று மக்களிடம் வாக்குக் கேட்டபோது வென்றது ரை ரொட்டியே. அதன் உடல்நலப் பயன்கள் பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி பின்லாந்து, ஸ்வீடன், டென்மார்க் ஆகிய நாடுகளிலிருந்தே வருகிறது. அம்முடிவுகளைப் பெங்களூருவுக்குப் பொருத்தும்போது இதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

முழுத்தானியம் என்பது என்ன

எந்தத் தானிய மணிக்கும் மூன்று பகுதிகள் உண்டு: நார்ச்சத்தும் தாதுக்களும் நிறைந்த வெளித்தோலான தவிடு, முளைவிடும் கரு, மாவுச்சத்து நிறைந்த உட்பகுதி. தீட்டும்போதும் மைதாவாக அரைத்துச் சலிக்கும்போதும் முதல் இரண்டும் வெளியேறி, மூன்றாவது மட்டும் எஞ்சுகிறது. மூன்றும் இயற்கையில் உள்ள அதே விகிதத்தில் இருந்தால் அது முழுத்தானியம். மணியாக இருந்தாலும், உடைத்த குருணையாக இருந்தாலும், மாவாக இருந்தாலும் இந்த வரையறைக்குள் அடங்கும். வரையறையில் உள்ள இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பது பின்னர் விளங்கும்.

தவிட்டை இழப்பதன் விலை பெரிது. உலக நாடுகளின் உணவுப் பழக்கங்களையும் இறப்புகளையும் ஒப்பிட்டு 2019இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வு, 2017ஆம் ஆண்டில் தவறான உணவுப் பழக்கத்தோடு தொடர்புடைய இறப்புகள் 1 கோடியே 10 லட்சம் என்றும், அவற்றில் ஏறத்தாழ 30 லட்சம் முழுத்தானியம் போதிய அளவு உண்ணாததால் நேர்ந்தவை என்றும் மதிப்பிட்டது. அதே ஆண்டு அதே இதழில் வந்த மற்றொரு தொகுப்பாய்வு, 185 நெடுங்கால ஆய்வுகளையும் 58 மருத்துவச் சோதனைகளையும் ஒருங்கே அலசி, நார்ச்சத்தை அதிகம் உண்பவர்களிடம் இதயநோய், பக்கவாதம், இரண்டாம் வகை நீரிழிவு, பெருங்குடல் புற்றுநோய் ஆகியவை 15 முதல் 30 விழுக்காடு வரை குறைவாக இருப்பதைக் கண்டது. நாளொன்றுக்கு 25 முதல் 29 கிராம் நார்ச்சத்து என்பது அது சுட்டிய அளவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை 2,000 கலோரி உணவுக்கு 30 கிராம்.

┌─────────────
100 கிராமில் என்ன இருக்கிறது?

ராகி (கேழ்வரகு): நார்ச்சத்து 11.2 கிராம், கால்சியம் 364 மில்லிகிராம்
கம்பு: நார்ச்சத்து 11.5 கிராம், கால்சியம் 27 மில்லிகிராம்
முழுக்கோதுமை: நார்ச்சத்து 11.2 கிராம், கால்சியம் 39 மில்லிகிராம்
மைதா: நார்ச்சத்து 2.8 கிராம், கால்சியம் 20 மில்லிகிராம்
தீட்டிய பச்சரிசி: நார்ச்சத்து 2.8 கிராம், கால்சியம் 7.5 மில்லிகிராம்
ரை மணி: நார்ச்சத்து சுமார் 15 கிராம், கால்சியம் சுமார் 24 மில்லிகிராம்

முதல் ஐந்தும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு அட்டவணைப்படி. ரை அமெரிக்க வேளாண் துறையின் கணக்குப்படி.
─────────────┘

ரை ரொட்டி உடலுக்குள் செய்வது

நார்ச்சத்து அளவில் கோதுமையை விஞ்சும் ரையின் சிறப்பு, அந்த நாரின் தன்மையில் இருக்கிறது. அரபினோசைலான் எனப்படும், தன் எடையைவிடப் பன்மடங்கு நீரை உறிஞ்சிப் பிசினாகும் நார் இதில் மிகுதி. அது வயிற்றை நிரப்பிய உணர்வை நீட்டிப்பதோடு, செரிக்காமல் பெருங்குடலுக்குச் சென்று அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு இரையாகி, குடல் சுவரின் செல்களுக்கு ஆற்றல் தரும் ப்யூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலமாக மாறுகிறது. மலச்சிக்கலைத் தீர்ப்பதில் ரை நாருக்குள்ள பங்கு நன்கு உறுதிப்பட்டது. இயல்பான குடலியக்கத்துக்கு அது உதவுகிறது என்று பொருளின் உறையில் அச்சிட ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்திருக்கிறது.

இரத்தச் சர்க்கரையைப் பொறுத்தவரை கண்டறியப்பட்டது சற்று வியப்பானது. பின்லாந்தின் குவோப்பியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரை ரொட்டியையும் வெள்ளைக் கோதுமை ரொட்டியையும் ஒப்பிட்டபோது, உண்டபின் இரத்தத்தில் ஏறிய சர்க்கரையில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் அதைச் சமாளிக்கக் கணையம் சுரந்த இன்சுலின் ரை ரொட்டிக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. இந்த வேறுபாட்டை நார்ச்சத்தின் அளவைக் கொண்டு விளக்க முடியவில்லை என்றும், ரொட்டியின் உட்கட்டமைப்பே காரணமாகலாம் என்றும் 2003இல் அவர்கள் எழுதினர். நெருக்கமாகப் பிணைந்த ரை ரொட்டி வயிற்றில் கட்டிகளாகவே நெடுநேரம் கிடக்கிறது. பஞ்சுபோன்ற வெள்ளை ரொட்டி விரைவில் கரைந்து, செரிமான நொதிகளுக்கு மாவுச்சத்தைத் திறந்துவிடுகிறது.

கொழுப்பைக் குறைப்பதில் கிடைத்த முடிவு முழுமையானதன்று. பின்லாந்தில் கொலஸ்ட்ரால் சற்று மிகுந்தவர்களிடம் நடந்த சோதனையில், ரை ரொட்டி உண்ட ஆண்களுக்கு அது குறைந்தது. பெண்களுக்கு மாற்றம் தெரியவில்லை. எடைக்குறைப்பிலும் பயன் மிதமானதே: ஸ்வீடனின் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வில், உடல் எடை கூடிய 242 பேரில் ஒரு பிரிவினர் முழு ரை உணவுகளையும் மற்றொரு பிரிவினர் அதே ஆற்றலுள்ள மைதா உணவுகளையும் 12 வாரம் உண்டனர், இரு பிரிவும் எடை குறைந்தன, ரைப் பிரிவினர் சராசரியாக ஒரு கிலோ கூடுதலாகக் குறைந்தனர். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வுகளோ, முழு ரை மணிகள் சேர்ந்த ரொட்டியை இரவில் உண்டவர்களுக்கு மறுநாள் காலை உணவுக்குப் பின்னும் சர்க்கரை ஏற்றம் தணிந்திருந்ததைக் காட்டின. இரவெல்லாம் குடலில் நுண்ணுயிர்கள் செய்த வேலையின் பலன் அது என்று கருதப்படுகிறது.

அடுமனையில் நிகழும் மாற்றம்

பெங்களூருவின் ரொட்டி வரலாற்றில் தமிழ் வாசகர்களுக்குப் பழகிய ஒரு கிளை உண்டு. ஹாசன் பகுதியிலிருந்து வந்த, வீட்டில் தமிழின் ஒரு வடிவத்தைப் பேசும் ஹெப்பார் ஐயங்கார் குடும்பத்தினர் சிக்பேட்டையில் 1898இல் தொடங்கிய பி.பி. பேக்கரியே, பின்னர் தெருவுக்குத் தெரு முளைத்த ஐயங்கார் பேக்கரிகளுக்கு முன்னோடி. கார பன், தில்பசந்த், தேன் கேக் என்று நகரத்தின் மாலைப்பசியை ஆண்ட அந்தப் பண்டங்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை மைதா. இன்றைய ரை ரொட்டியும் ராகி ரொட்டியும் அந்த மைதாவுக்கு மாற்றாகவே விளம்பரம் பெறுகின்றன.

அந்த மாற்று முழுமையாக நிகழ்வது அரிது. அதற்குக் காரணம் மாவின் இயல்பிலேயே இருக்கிறது. ரொட்டி உப்புவதற்கு, நொதிக்கும்போது எழும் வாயுவைச் சிறைப்பிடிக்கும் மீள்தன்மையுள்ள வலை வேண்டும். கோதுமையின் குளூட்டன் அந்த வலையைப் பின்னுகிறது. ரையின் புரதத்துக்கு அந்த ஆற்றல் மிகக் குறைவு, ராகிக்கு அறவே இல்லை. ஆகவே முழு ரையில் செய்த ரொட்டி செங்கல்போல் கனத்திருக்கும். ராகி மாவை மட்டும் கொண்டு வெள்ளை ரொட்டியைப் போன்ற பஞ்சு ரொட்டியைச் செய்யவே முடியாது. வாடிக்கையாளர் எதிர்பார்க்கும் மென்மையைத் தர, அடுமனைக்காரர் மைதாவையோ தனியாகப் பிரித்தெடுத்த குளூட்டனையோ சேர்க்க வேண்டியிருக்கிறது. மென்மையான ராகி பிரெட் என்று ஒன்று கடையில் இருந்தால், அதன் மென்மை ராகியிலிருந்து வந்ததன்று. நிறமும் சான்றாகாது, எரித்த சர்க்கரையில் செய்த கேரமல் நிறமி சேர்த்தால் மைதா ரொட்டியும் பழுப்பாகிவிடும்.

┌─────────────
உறையைப் படிக்கும் முறை

• சேர்மானப் பட்டியலில் எது அதிக எடையில் சேர்ந்ததோ அது முதலில் வர வேண்டும் என்பது இந்திய உணவு லேபிள் விதி. முதலில் வருவது மைதா அல்லது சுத்திகரித்த கோதுமை மாவு என்றால், முன்பக்கம் எதை அச்சிட்டிருந்தாலும் அது மைதா ரொட்டியே.
• ரை, ராகி, ஓட்ஸ் போன்ற பெயர்களுக்குப் பக்கத்தில் விழுக்காடு தரப்பட்டிருந்தால் அதைப் பார்க்க வேண்டும்.
• நிறமி 150 என்ற எண்ணோடு இருந்தால் பழுப்பு நிறத்துக்குக் கேரமல் உதவியிருக்கிறது.
• 'பல்தானியம்' என்ற சொல் பல தானியங்கள் சேர்ந்ததை மட்டுமே குறிக்கும். அவை தவிட்டோடு சேர்ந்தனவா என்பதை அந்தச் சொல் சொல்லாது.
• ஒரு துண்டில் எவ்வளவு உப்பு, எவ்வளவு சர்க்கரை என்பது நார்ச்சத்தின் அளவுக்கு நிகராகக் கவனிக்க வேண்டியது.
─────────────┘

தீட்ட முடியாத தானியம்

பின்லாந்துக்கு ரை எப்படியோ அப்படித்தான் தென் கர்நாடகத்துக்கும் அதை ஒட்டிய கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்கும் ராகி. இரண்டும் வளம் குன்றிய மண்ணில் ஏழையின் உணவாக விளைந்தவை. இரண்டும் நிறம் கறுத்தவை என்பதால் வெள்ளை உணவுக்குக் கீழே வைக்கப்பட்டவை. 16ஆம் நூற்றாண்டுக் கன்னடக் கவிஞர் கனகதாசர் எழுதிய 'ராமதான்ய சரிதே', இந்த ஏற்றத்தாழ்வையே கதைப்பொருளாக்கியது. நெல்லும் ராகியும் தம்முள் யார் உயர்ந்தவர் என்று வாதிட, இராமன் இரண்டையும் ஆறு மாதம் சிறையில் அடைத்துவைக்கச் சொல்கிறான். நெல் நலிந்துபோக, ராகி கெடாமல் வெளிவந்து அவனது பெயரையே பெறுகிறது. பூச்சியும் பூஞ்சையும் எளிதில் அண்டாமல் ஆண்டுக்கணக்கில் இருப்பில் நிற்கும் ராகியின் இயல்பை அறிந்த ஒரு வேளாண் சமூகத்தின் அனுபவம் அந்தக் கதைக்குள் இருக்கிறது.

ஆயினும் ராகி இந்த மண்ணில் தோன்றியதன்று. கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில் பிறந்து, பன்னெடுங்காலத்துக்கு முன்பு இந்தியாவை அடைந்த பயிர் அது. சென்ற நூற்றாண்டில் கர்நாடக வேளாண் அறிவியலாளர் லட்சுமணய்யா, இந்திய இரகங்களை ஆப்பிரிக்க இரகங்களோடு கலந்து, இரு பெயர்களையும் இணைத்து இண்டாஃப் என்று பெயரிட்ட வரிசையை உருவாக்கியபோது விளைச்சல் பெரிதும் உயர்ந்தது. உழவர்கள் அவரை ராகி பிரம்மா என்றே அழைத்தனர். சிறுதானியங்களுக்கான அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம் பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து இயங்கிவந்தது. நாட்டின் ராகி விளைச்சலில் பாதிக்கும் மேல் கர்நாடகத்துடையது.

உடல்நல நோக்கில் ராகிக்குள்ள தனித்தன்மை, அதைத் தீட்ட இயலாமையில் இருக்கிறது. நெல்லில் தவிட்டைச் சீவி எடுக்கலாம். கடுகளவே ஆன ராகி மணியிலோ மென்மையான மாவுப் பகுதியோடு தோல் இறுக ஒட்டியிருப்பதால், சீவ முயன்றால் மணியே நொறுங்கிவிடும். கால்சியம், நார்ச்சத்து, பாலிஃபீனால் என்ற பாதுகாப்பு வேதிப்பொருள்கள் ஆகியவற்றில் பெரும்பகுதி அந்தத் தோலிலும் அதை ஒட்டிய அடுக்குகளிலும் இருக்கின்றன. ஏழைகள் முழுத்தானியம் உண்டது அறிவுரையால் வந்த வழக்கமன்று, வேறு வழியில்லாததால் வந்தது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், ராகியை நீராவியில் கடினப்படுத்தித் தோல் நீக்கும் முறையைப் பின்னாளில் கண்டுபிடித்தது. அதனால் சோறுபோல் வேகவைக்கக்கூடிய ராகி கிடைத்தது, ஆனால் தோலோடு தோலின் பயனும் குறைந்தது.

ராகியின் இடத்தை அரிசி பிடித்தது அங்காடி வழியாகவே. மலிவு விலை அரிசியும், 2013இல் கர்நாடகம் தொடங்கிய அன்னபாக்யா அரிசி வழங்கல் திட்டமும் பசியைப் போக்கியதில் ஐயமில்லை; அதே வேளையில், களி கிண்டும் உழைப்பிலிருந்து விடுபட்ட வீடுகளில் வெள்ளைச் சோறு இரு வேளை உணவாகியது. இந்தியாவின் முன்மொழிவை ஏற்று ஐக்கிய நாடுகள் அவை 2023ஐப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு அரசுகளின் போக்கு சற்றுத் திரும்பியது. தமிழ்நாடு அதே ஆண்டில் நீலகிரி, தருமபுரி மாவட்ட நியாயவிலைக் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு தரத் தொடங்கியது. கர்நாடகம் 2024 பிப்ரவரியில் அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்குப் பாலோடு ராகி மால்ட் வழங்க ஆரம்பித்தது. 2023–24இல் குவிண்டாலுக்கு 3,846 ரூபாயாக இருந்த ராகியின் குறைந்தபட்ச ஆதரவு விலை, 2025–26இல் 4,886 ரூபாயாக உயர்ந்தது.

மாவாகும்போது நேரும் இழப்பு

இத்தனை சிறப்புகளையும் ஏற்றுக்கொண்ட பிறகும், ராகிக்கோ ரைக்கோ மாறிவிட்டால் நீரிழிவு அண்டாது என்ற முடிவுக்கு ஆய்வுகள் இடம் தரவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் நடத்திய நாடு தழுவிய ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு, அதாவது வயதுவந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு, நீரிழிவு இருப்பதாக 2023இல் தெரிவித்தது. அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் நேச்சர் மெடிசின் இதழில் வெளிவந்தபோது, சிறுதானியம் முதன்மை உணவுகளுள் ஒன்றாக இருக்கும் சில மாநிலங்களில் கர்நாடகமும் ஒன்று என்று அது குறிப்பிட்டது. அதோடு, இந்தியர்கள் பெறும் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்றும், தீட்டிய தானியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் முழுக்கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைப்பதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை என்றும் கூறியது. மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதியைக் குறைத்து, பயறு, பால் போன்ற புரத உணவுக்கு இடம் தந்தவர்களிடமே அபாயம் குறைந்து காணப்பட்டது.

இந்த முடிவு முழுத்தானியத்தைப் பற்றி உலகம் அறிந்ததற்கு முரணானதன்று. முழுத்தானிய மாவுக்கும் முழுத்தானியத்துக்கும் உள்ள தொலைவையே அது அளந்து காட்டுகிறது. ஓர் உணவு எவ்வளவு விரைவாக இரத்தச் சர்க்கரையை ஏற்றுகிறது என்பதைக் குளுக்கோஸை 100 ஆகக் கொண்டு மதிப்பிடும் அளவுக்குக் கிளைசீமிக் குறியீடு என்று பெயர். பன்னாட்டு அட்டவணையில் வெள்ளை ரொட்டியின் குறியீடு 75. முழுக்கோதுமை மாவு ரொட்டியின் குறியீடு 74. தவிடு சேர்ந்தும் ஒரே ஒரு புள்ளிதான் வேறுபாடு. மாறாக, உடைத்த ரை மணிகளை நெடுநேரம் மெல்லிய சூட்டில் வேகவைத்துச் செய்யும் ஜெர்மானியப் பம்பர்நிக்கல் ரொட்டி ஏறத்தாழ 50ஐ ஒட்டியே நிற்கிறது. ஆலையின் உருளைகள் மணியின் செல் சுவர்களைத் தகர்த்துவிட்ட பிறகு, தவிடு மாவோடு கலந்து கிடந்தாலும் முன்போல் மாவுச்சத்துக்கு அரணாக நிற்பதில்லை.

ராகிக்கும் இதே நியதி பொருந்தும். மிதவறண்ட வெப்பமண்டலத்துக்கான சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட் தலைமையில் 2021இல் வெளிவந்த தொகுப்பாய்வு, சிறுதானியங்களின் சராசரி குறியீடு 52.7 என்றும், அவற்றைத் தொடர்ந்து உண்ட நீரிழிவாளர்களிடம் வெறும்வயிற்றுச் சர்க்கரை 12 விழுக்காடு குறைந்தது என்றும் கண்டது. ஆனால் சராசரி என்பது பலவிதத் தானியங்களையும் பலவிதச் சமையலையும் ஒன்றாக்கிய எண். நைசாக அரைத்து, வறுத்து, சர்க்கரையோ வெல்லமோ சேர்த்துக் குடிக்கும் ராகி மால்ட்டும், அச்சில் பிழிந்து பொரித்த ராகிச் சிற்றுண்டியும், வெண்ணெயும் மைதாவும் கலந்த ராகி பிஸ்கட்டும் அந்த எண்ணின் நிழலில் ஒதுங்கிக்கொள்ள முடியாது. அளவும் கணக்கில் வரும்: 100 கிராம் ராகி மாவில் 67 கிராம் மாவுச்சத்து, 100 கிராம் பச்சரிசியில் 78 கிராம். இந்த 11 கிராம் வேறுபாட்டை நம்பி இரண்டு உருண்டைக்குப் பதிலாக மூன்றாக உண்டால் கிடைத்த ஆதாயம் அங்கேயே கரைந்துவிடும்.

புளிப்பின் பங்கு

தானியத் தோலில் நன்மையோடு ஒரு தடையும் சேர்ந்தே இருக்கிறது. ஃபைட்டேட் எனப்படும் பொருளும், ராகியின் நிறத்துக்குக் காரணமான சில பாலிஃபீனால்களும், இரும்பு, துத்தநாகம், கால்சியம் ஆகியவற்றைப் பற்றிக்கொண்டு உடல் உறிஞ்சாமல் தடுக்கின்றன. ஆகவே அட்டவணையில் உள்ள 364 மில்லிகிராம் கால்சியம் அப்படியே எலும்பைச் சென்றடைவதில்லை. இதற்கு வடக்கு ஐரோப்பியரும் தென்னிந்தியரும் ஒருவரையொருவர் அறியாமலே கண்ட தீர்வு புளிக்கவைப்பது. புளித்த மாவின் அமிலத்தில், தானியத்திலேயே உறங்கிக்கிடக்கும் ஃபைட்டேஸ் என்ற நொதி விழித்து ஃபைட்டேட்டைச் சிதைக்கிறது. ரை ரொட்டிக்குப் பழைய புளித்த மாவைச் சேர்த்து ஓர் இரவு வைப்பதும், கேப்பை மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து மறுநாள் கூழ் காய்ச்சுவதும், வேதியியல் நோக்கில் ஒரே வேலை. முளைகட்டுவதும் இத்தடையைத் தளர்த்துகிறது, ஆனால் முளைக்கும்போது மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக உடைவதால், நீரிழிவாளருக்குக் கூழுக்குச் செய்வதுபோல் புளிக்கவைப்பதே ஏற்றது. இரும்புச்சத்துக்காக ராகி உண்போர், நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ப்பதும், உணவோடு காப்பி, தேநீர் அருந்தாமல் இருப்பதும் பலன் தரும்.

┌─────────────
யாருக்குக் கவனம் வேண்டும்?

• சீலியாக் எனப்படும் குளூட்டன் ஒவ்வாத நோயுள்ளவர்கள் ரை ரொட்டியை முற்றிலும் தவிர்க்க வேண்டும். ராகியில் குளூட்டன் இல்லை. எனினும் கோதுமை அரைக்கும் மாவுமில்லில் அரைத்த ராகி மாவில் கலப்பு நேரலாம்.
• குடல் எரிச்சல் நோயுள்ளவர்களுக்கு ரையில் மிகுந்த ஃப்ரக்டான் என்ற நார் வயிற்று உப்புசத்தைத் தூண்டக்கூடும்.
• சிறுநீரகக் கல் அல்லது சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள் ராகியின் அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்ய வேண்டும்.
• நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் உணவை மாற்றும்போது சர்க்கரை அளவை அடிக்கடி சோதிக்க வேண்டும். தானியம் மருந்துக்கு மாற்றாகாது.
• நார்ச்சத்தைத் திடீரெனக் கூட்டாமல் படிப்படியாகக் கூட்டி, தண்ணீரையும் கூடுதலாக அருந்த வேண்டும்.
─────────────┘

தட்டின் கணக்கு

டென்மார்க் அரசும் தொண்டமைப்புகளும் ரொட்டி நிறுவனங்களும் 2008இல் கைகோத்து, எந்தப் பொருளுக்கு முழுத்தானிய முத்திரை தரலாம் என்பதற்கு நார், உப்பு, சர்க்கரை அளவுகளை வரையறுத்துச் செயல்பட்டதில், அந்நாட்டவரின் முழுத்தானிய நுகர்வு பத்தே ஆண்டுகளில் இருமடங்கைத் தாண்டியது. பெங்களூரு அதிலிருந்து கற்கக்கூடியது ரை ரொட்டியை அன்று, அந்த முத்திரையின் கண்டிப்பை. ராகி என்ற பெயரை உறையில் பொறிக்க எவ்வளவு ராகி இருக்க வேண்டும் என்ற கேள்விக்குக் கடை அலமாரியில் தெளிவான விடை இருந்தால், வாங்குபவர் சிற்றெழுத்துகளோடு போராட வேண்டியிருக்காது.

வீட்டுத் தட்டுக்கோ அரசாணை எதுவும் தேவையில்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, தானியங்களும் சிறுதானியங்களும் சேர்ந்து நாளின் ஆற்றலில் 45 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. பழைய களிச் சாப்பாட்டில் இந்த விகிதத்துக்கான வழி ஓரளவு ஏற்கெனவே இருந்தது. களி தனியாக வந்ததே இல்லை. கீரையும் பருப்பும் வெந்த நீரை வடித்துக் காய்ச்சும் பஸ்ஸாரு, வடித்த கீரையிலும் பருப்பிலும் செய்த பொரியல், பனிக்காலத்தில் தோலுரித்த அவரைப்பருப்புச் சாறு, வசதியுள்ள நாளில் நாட்டுக்கோழி என்று, புரதமும் நாரும் அந்த உருண்டையைச் சூழ்ந்தே இருந்தன.

மாறியது உண்பவரின் பகல்பொழுது. களி தின்றவன் மலையையே பெயர்த்தெறிவான் என்று கன்னடத்தில் ஒரு பழமொழி உண்டு. ஏர் பிடித்தவருக்கும் கல் உடைத்தவருக்கும் அந்த உருண்டை இரு கைக்குள் அடங்காத அளவில் உருட்டப்பட்டது அதற்காகத்தான். நாளெல்லாம் கணினித் திரைக்கு முன் அமர்ந்திருப்பவருக்கும் அதே துடுப்பால் அதே பதத்தில் கிண்டலாம்; உருட்டும்போது மட்டும் அது ஓர் எலுமிச்சையைவிடச் சற்றே பெரிதாக இருந்து, பக்கத்துக் கிண்ணத்தில் சாறு ஓர் அகப்பை கூடுதலாக விழ வேண்டும். ரை ரொட்டியை விரும்பி வாங்குபவருக்கும் கணக்கு இதுவே: மணி தெரியும் கனத்த துண்டு ஒன்று, அதன்மேல் ஜாமுக்குப் பதிலாக அவித்த முட்டையோ சுண்டலோ.